வால் வெளியே நின்ற ஸ்பூல்

லவீனா ஒலிநாடா ஸ்பூலை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள், அர்ச்சனைத் தட்டம் மாதிரி. நல்லூரில் குகதாசன் அண்ணை வீட்டு முன்ஹோலில் பதினான்கு பேர் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தார்கள். நான் சுவரோரம் பிளக்குக்குப் பக்கத்தில் நின்றேன். மெக்கானிக்குக்கு அதுதானே இடம்.

மூன்று மாதமாக அந்த ஸ்பூலை ஓட்டும் பழைய ரெக்கோடரைக் கழற்றிப் பூட்டியவள் நான். கல்லாய் இறுகிய ரப்பர் உருளையை மாற்றியதும், நாடா உரசும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்ததும் நான். பௌதிகத்தில் பட்டம் எடுத்து நான்கு வருடம். எங்கள் வீட்டில் கம்பஸ் படி மிதித்த முதல் ஆள், இன்னும் ரியூசன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் சிநேகிதி லவீனா செய்தது, படம் எடுத்து இணையத்தில் போட்டது. மூவாயிரம் பேர் இதயம் போட்டார்கள்.

ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்த ஜெபநேசன் பழைய ஸ்பூல்களைச் சேர்த்துப் பாதுகாக்க ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கப்போகிறாராம். ஒரே ஒரு ஆள். யாரென்று இன்று சொல்வார். அவர் கேட்டது சரியான கேள்வி: ஸ்பூல் உண்மையிலேயே திரும்பி வருகிறதா, வசதியானவர்களின் விளையாட்டா?

“ஃபோனிலை பாட்டைத் தள்ளித் தள்ளி ஆக்கள் களைச்சுப் போச்சினம் அங்கிள். இதிலை தள்ளேலாது. இருந்து கேக்கத்தான் வேணும்,” என்றாள் லவீனா.

அது என் வசனம். திருகாணி முறுக்கும்போது அவளிடம் நான் சொன்னது. அவள் வாயில் அது அழகாகவும் இருந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைக்க மாட்டேன்.

அவள் ஸ்பூலை மாட்டிய கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடி முடிந்த நாடாவைத் திருப்பிச் சுற்றாமல் அப்படியே வைப்பதுதான் நல்ல பழக்கம், சுற்று சீராக இருக்கும். நேற்று நான் அப்படித்தான் வைத்தேன். கடைசி நுனி, வால் என்போம், வெளியே நிற்கும். போட முதல் அதைத் திருப்பிச் சுற்ற வேண்டும். இவள் நேரே கோர்த்தாள். இனி எல்லாம் பின்னாலிருந்து முன்னால் ஓடும். ஒரு சொல் போதும். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம். தனி ஆலாபனை. ஒவ்வொரு பிடியும் முடிவிலிருந்து பிறந்து தொடக்கத்தில் போய்ச் செத்தது. பிள்ளைப் பிராயத்திலிருந்து திருவிழாவில் நின்று கேட்ட சனம் கண்ணை மூடித் தலையாட்டியது. ஒருவர் தொடையில் தாளம்கூடப் போட்டார். என்ன ஒரு சூடு, உயிருள்ள சத்தம் என்று ஜெபநேசன் லவீனாவின் கையைப் பிடித்தார். நான் தவிலுக்காகக் காத்திருந்தேன். ஆலாபனைக்கு முந்திய மல்லாரியில் தவில் இருந்தது, தலைகீழாய் ஓடுவதால் அது இனித்தான் வரும். அது வரட்டும், இவள் நாறட்டும்.

வந்தது. அடிக்கு முன்னரே அதிர்வு வந்து, ஊதிப் பெருத்து, அடி விழவேண்டிய இடத்தில் பட்டென்று அறுந்தது. தவிலில் மட்டும் இந்த ஊரை ஏமாற்ற முடியாது. தாளம் போட்ட கை நின்றது.

பதினான்கு முகமும் திரும்பின. லவீனாவின் பக்கமில்லை. என் பக்கம்.

“என்ன பிள்ளை ஆரணி, மெசின் பிழையோ?” என்றார் குகதாசன் அண்ணை.

நல்லதுக்கு அவள், பிழைக்கு நான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“மெசின் பிழையில்லை அண்ணை. உவள் மாறிப் போட்டிட்டாள். இவ்வளவு நேரமும் நீங்கள் ரசிச்சதும் தலைகீழ்தான்.”

ஜெபநேசன் லவீனாவின் கையை விட்டார். எனக்கு ஒரு நொடி இனித்தது. லவீனா என்னையே பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“போடேக்கையே கண்டனீ என்னடி?” மெல்லத்தான் கேட்டாள். “பாத்துக்கொண்டு நிண்டனீ.”

ஜெபநேசன் இப்போது என்னைப் பார்த்தார். நான் அவளைத் தாண்டிப் போய், மிச்ச நாடாவை வலப்பக்கச் சக்கரத்துக்கு வேகமாக ஓடவிட்டேன். நேர்படுத்த அதுதான் வழி. இடப்பக்கம் மெலிந்து மெலிந்து வெறுமையானது. நுனி கழன்றது. வலப்பக்கச் சக்கரம் நிற்காமல் சுழன்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த நுனி மெசினில் சளார் சளாரென்று அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தானில்தான் என் விரல் இருந்தது, அழுத்தாமல்.