முதுகைப் பார்த்தது யார்?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் காட்டுப் பாதையின் வாயிலில் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போனால், வயதும் வேலையும் உள்ள பதினாறு பேர் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் காரை மெதுவாக்கி வேடிக்கை பார்ப்பார்கள். அமெரிக்காவின் இந்தக் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எட்டு மைல் காட்டில் ஓடிவிட்டு வந்தவர்கள் உண்ணி பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

மான் மேல் வரும் உண்ணி அது. மே, ஜூன் மாதங்களில் கசகசா அளவுதான் இருக்கும். கடித்தால் வலிக்காது, அரிக்காது. ஒரு நாளுக்குள் பிடுங்கி எறிந்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். விட்டுவிட்டால் லைம் நோய் வரும், காய்ச்சலில் தொடங்கி நரம்பைப் பிடிக்கும். ஆகவே அந்த ஓட்டச் சங்கத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. ஓடி முடித்ததும் ஆளுக்கு ஆள் முதுகு, கழுத்து, முழங்காலின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். பிறகு தலைவி ஃபிலிஸைப் பார்த்து "சுத்தம்" என்று குரல் கொடுக்க வேண்டும். அவள் அட்டையில் பெயருக்கு நேராக ஒரு கோடு போடுவாள். கோடு விழாமல் யாரும் பான்கேக் கடைக்குப் போக முடியாது. இந்த அட்டையைப் பற்றி ஃபிலிஸுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. பதினோரு வருடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஆரின் பெக்வித் என்ற தபால்காரரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் "சுத்தம்" என்று குரல் கொடுப்பார். அவருடைய முதுகை ஒருவரும் பார்த்ததில்லை.

காரணம் அற்பமானது. சங்கத்தில் பாதிப் பேர் கணவன் மனைவியாக வருகிறவர்கள். மீதிப் பேருக்குப் பழைய கூட்டாளி என்று ஒருவர் இருந்தார். ஐம்பத்தேழு வயதில், மனைவி பிரிந்துபோய் ஒன்பது வருடம் கழித்து, இரண்டு வருடத்துக்கு முன்புதான் சேர்ந்த ஆரினுக்கு யாரும் இல்லை. முதல் வாரம் பக்கத்தில் நின்ற ரோலண்டிடம், கொஞ்சம் என் முதுகைப் பார்க்கிறாயா என்று கேட்கத்தான் செய்தார்.

"அதுக்குத்தான்யா ஊர்ல கல்யாணம்னு ஒண்ணு வச்சிருக்காங்க" என்றான் ரோலண்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆரினும் சிரித்தார். ரோலண்ட் கெட்டவன் அல்ல, சொன்னதை அடுத்த நிமிடமே மறந்துவிட்டு மனைவி நடீனின் கழுத்தைப் பார்க்கப் போய்விட்டான். ஆரின் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. காருக்குப் பின்னால் போய் நின்று, கைக்கு எட்டிய இடத்தை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து "சுத்தம்" என்று சொல்லிவிடுவார். கோடு விழும். பான்கேக் வரும்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை பாதையின் நடுவே ஒரு மரம் விழுந்து கிடந்தது. எல்லோரும் புதருக்குள் இறங்கிச் சுற்றிப் போனார்கள். இறங்கிய பிறகுதான் அது முழுக்க விஷ ஐவிக் கொடி என்று தெரிந்தது. மும்மூன்றாகப் பளபளக்கும் அதன் இலை பட்டால் எண்ணெய் தோலில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு நாளில் கொப்புளம் கிளம்பும். அன்று எல்லோருக்கும் ஐவியைப் பற்றித்தான் பேச்சு. பாத்திரம் கழுவும் சோப்பைக் கொண்டுவந்து கைகால்களைத் தேய்த்துக் கழுவினார்கள். அந்த அமளியில் உண்ணி பார்ப்பது அரைகுறையாகப் போனது. ஆரின் வழக்கம்போல் குரல் கொடுத்தார்.

இரண்டாம் நாள் அவருக்குக் கைகளிலும் கெண்டைக்காலிலும் கொப்புளம் வந்தது. அரிப்பு உயிரை வாங்கியது. பத்து நாளில் அது அடங்கும்போது, முதுகின் நடுவே ஒரு இடம் சூடாக இருப்பதுபோல் தோன்றியது. ஐவி முதுகுக்கும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசியபோதும் ஐவி என்றே சொன்னார். அந்தப் பக்கத்துப் பெண் என்ன செய்வாள்? சொன்னதைக் கேட்டுக்கொண்டு, மருந்துத் தைலம் தடவுங்கள், போய்விடும் என்றாள்.

தடவுவது எப்படி? முதுகின் நடுப்பகுதி மனிதக் கைக்கு எட்டாத இடம். பான்கேக் திருப்பும் கரண்டியில் தைலத்தை ஊற்றி, தோளுக்கு மேலாக விட்டுப் பூசிக்கொண்டார். பாதி தரையில் வழிந்தது. கைபேசியைப் பின்னால் பிடித்துப் படமெடுத்தால் ஒரு தடவை விட்டத்து விளக்கும் ஒரு தடவை அவர் காதும் விழுந்தன. குளியலறைக் கண்ணாடிக்கு எதிரே சின்னக் கண்ணாடியைப் பிடித்து ஆடிப் பார்த்ததில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. அத்தோடு விட்டுவிட்டார். ஒரு நாளைக்கு அறுநூறு வீட்டுக் கதவைப் பார்க்கிற மனிதருக்குத் தன் முதுகைக் காட்ட ஒரு வீடு இல்லை.

ஜூன் பாதியில் காய்ச்சல் வந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. தபால் பையின் கனம் என்று நினைத்தார். அப்போது அவருக்குக் காய்ச்சலைக் கவனிக்க நேரமும் இல்லை. ஊர் வாத்தியக் குழுவில் பத்தொன்பது வருடமாக இரண்டாவது டிரம்பெட் வாசித்தவர் அவர். முதல் டிரம்பெட்காரர் அந்த வருடம் புளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஊர்ப் புல்வெளியில், எல்லா வாத்தியமும் அடங்கிய பிறகு முதல் டிரம்பெட் தனியாக வாசிக்கும் பதினாறு தாள அடி இப்போது ஆரினுக்கு வந்திருந்தது. தினமும் மாலையில் கொல்லைப்புறத்தில் நின்று ஊதினார். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது.

இருபத்துநான்காம் தேதி காலை காபி குடித்தபோது அது வாயின் இடது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தார். இடப்பக்க முகம் தொங்கிப்போயிருந்தது. கண் மூடவில்லை. முதலில் அவர் செய்தது என்ன தெரியுமா? டிரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று மட்டும் வந்தது.

மருத்துவர் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். பிறகு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் இருப்பதாகவும், இது ஐவி இல்லை, லைம் என்றும் சொன்னார். உண்ணி கடித்து நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும் என்றார்.

"இவ்ளோ நாளா வீட்ல யாரும் பாக்கலையா?"

"வீட்ல யாரும் இல்லைங்க."

மருந்து கொடுத்தார். முகம் பெரும்பாலும் திரும்பிவிடும், சில வாரமோ சில மாதமோ ஆகலாம் என்றார். நான்காம் தேதிக்குள் ஆகுமா என்று ஆரின் கேட்டார். மருத்துவர் சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

நான்காம் தேதி ஆரின் காரைப் புல்வெளிக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லா வாத்தியமும் அடங்கின. அந்தப் பதினாறு அடியை வேறு யாரோ வாசித்தார்கள். ஒன்பதாவது அடியில் மூச்சு போதாமல் சுரம் இறங்கியது. அந்த இடத்தை எப்படித் தாண்டுவது என்று ஆரினுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? மூடாத இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது நோயா அழுகையா என்று அவரே யோசிக்கவில்லை, துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்தார். ஓடும் உடையில் வரவில்லை. மூன்று வாரமாக ஆளைக் காணோமே என்று கையசைத்துக்கொண்டே வந்த ரோலண்ட் அந்த முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். ஆரின் நடந்ததைச் சொன்னார். 'ப'வும் 'ம'வும் உதட்டில் நிற்காமல் காற்றாகப் போயின.

ஃபிலிஸ் அட்டையின் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். மே கடைசி வாரம். பெக்வித், ஒரு கோடு. அவள் கையெழுத்துதான்.

"நீ சுத்தம்னு சொன்னியே, ஆரின்" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்காததுபோல் இருந்தது.

"சொன்னேன். கேக்க வெக்கப்பட்டது என் தப்புதான், இல்லேங்கல. ஆனா ரெண்டு வருஷமா நீயும் கோடு போட்டியே ஃபிலிஸ், யாரு பாத்தாங்கன்னு ஒரு தடவ கேட்டியா?"

ரோலண்டுக்கு அந்தக் கல்யாணப் பேச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலும். தலையைக் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபிலிஸ் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் மேலிருந்து கீழ்வரை இன்னொரு கோடு இழுத்து, புதிதாக ஒரு பத்தி உண்டாக்கினாள்.

"இனிமே பார்த்தவங்க பேரும் வேணும்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "தனியா இருக்கறவன் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவான். வேற என்ன சொல்லுவான்? அதைக் கேட்டு எழுதிட்டுப் போறது அக்கறை இல்ல. கிட்ட போய்ப் பாக்கணும். நான் பதினோரு வருஷமா அட்டையைத்தான் பார்த்திருக்கேன்."

ரோலண்ட் ஆரினுக்குப் பின்னால் வந்து நின்றான். "சட்டையத் தூக்கு" என்றான்.

"நான் இன்னிக்கு ஓடலையேப்பா."

"புல்லுல நடந்துதானே வந்தே. தூக்கு."

ஆரின் தூக்கினார். வட்டம் மங்கி இன்னும் இருந்தது. ரோலண்ட் கழுத்திலிருந்து இடுப்புவரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், அவசரப்படவில்லை. அந்த இடத்தில் இன்னொரு மனிதக் கை பட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று ஆரின் நினைத்தார். உதடு மறுபடி டிரம்பெட்டைப் பிடிக்குமா என்பது அவருக்குத் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

"பெக்வித், சுத்தம்" என்று ரோலண்ட் குரல் கொடுத்தான். "பார்த்தது ரோலண்ட். ஒண்ணரை மாசம் லேட்டு, அதையும் எழுதிக்க."