மூன்றாவது துள்ளல்

இரண்டு சின்னத் துள்ளல், பிறகு ஒரே தாவல். ஒற்றைச் சக்கர சைக்கிளில் நின்றபடி கணவர் எதன்மேல் தாவினாலும் அதுதான் வழக்கம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் கேட்டுப் பழகிய தாளம். சமையலறையில் பாத்திரம் கழுவும்போது பின்முற்றத்திலிருந்து டப், டப் என்று டயர் தரையில் மோதும். பிறகு ஒரு நிசப்தம். பிறகு மரப்பலகைமேல் 'தொம்'. அந்த நிசப்தத்தில் மட்டும் அவள் கை ஒரு நொடி நிற்கும். அப்புறம் அது பாட்டுக்குத் தேய்க்கும்.

இப்போது ஒரு மாதமாக மூன்று துள்ளல். சில நாள் நான்கு.

"புது முறைம்மா. சீட்டைத் தொடைக்கு நடுவுல வெச்சுக்கிட்டுத் தாவினா முழங்கால் மேல வராது. இதுல சீட்டை வெளிய எடுத்து, கையை நீட்டி முன்னால பிடிச்சுக்கணும். அப்பதான் காலை நெஞ்சு வரைக்கும் மடக்கலாம். பழகுற வரைக்கும் ஒரு துள்ளல் கூடத்தான் ஆகும்" என்றார், கேட்டபோது.

சரிதான் என்று விட்டுவிட்டாள். ஆறு வாரத்தில் போட்டி. அடுக்கி வைத்த பலகை, பாறை, குழாய் என்று எல்லாவற்றின் மேலும் கால் தரையில் படாமல் தாண்டிப் போக வேண்டிய போட்டி. நாற்பத்திரண்டு வயதில், கைதேர்ந்தவர்களுக்கான மேல்பிரிவில் இறங்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது பத்தாவது படிக்கும் மகள், "முதல்ல அந்த ரெண்டாவது சக்கரத்தை எவன் தூக்கிட்டுப் போனான்னு கண்டுபிடிங்கப்பா" என்றாள். அவர் வேலை பார்க்கும் கிடங்கிலும் இதே கேலிதான். அங்கே அவருக்கு 'ஒத்தச்சக்கரம்' என்றே பெயர். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். சரக்கு அடுக்கும் மரப்பேலட்டுகளில் உடைந்துபோனவற்றை அங்கிருந்துதான் கேட்டு வாங்கி வந்து, முற்றத்தில் இரண்டு அடுக்காக வைத்திருந்தார். இரண்டுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி உலர்த்தப் போனவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். பெடல் இரண்டும் சமமாக, ஒரு அடுக்கின்மேல் துள்ளிக்கொண்டிருந்தார். இந்தத் தாவல் பக்கவாட்டில்தான்; அவருக்கு எப்போதும் இடது பக்கம். ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாவுகிற மனிதர், இன்று மோவாய் தோளில் இடிக்கும் அளவுக்குத் தலையைத் திருப்பினார். மூக்கைத் தாண்டி வலது கண்ணைக் கொண்டுவந்து அந்த அடுக்கைப் பார்ப்பதுபோல.

ஈரத்துணி கையிலேயே இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். அப்படித் தலையைத் திருப்புகிறவர்களைத் தினமும் எதிர் நாற்காலியில் பார்க்கிறவள். ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிறவளுக்கு, ஒரே தட்டில் சாப்பிடுகிற மனிதனின் கண் தெரியாமல் போனதா?

நேராகக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார் என்று தெரியும். அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில், தூரத்து அடுக்கை ஒரு சாண் தள்ளி வைத்தாள். பார்க்கிற கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். தெரிந்தால் "ஏம்மா, இதை யாரு நகர்த்தினது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்டுவிட வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் வந்தார். ஏறினார். சீட்டை வெளியே இழுத்து முன்னால் பிடித்தார். தலையைத் திருப்பினார்.

டப். டப்.

கேட்டுவிடுங்களேன்.

டப். உடம்பு கீழே அமர்ந்து, டயர் நசுங்கியது.

"நில்லுங்க."

சைக்கிள் ஒரு பக்கம் சாய, அவர் காலைத் தரையில் ஊன்றி இறங்கினார். முகம் சிவந்துவிட்டது. "தாவுற நேரத்துல இப்படியா கூப்பிடுவே? கழுத்து உடைஞ்சிருக்கும்."

"அதை ஒரு சாண் தள்ளி வெச்சிருக்கேன். உங்களுக்குத் தெரியலை."

அவர் அடுக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அந்த அடுக்கின்மேலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

"எந்தக் கண்ணு?"

"இடது" என்றார். "ஓரமெல்லாம் தெரியுது. நடுவுல மட்டும் சாம்பல் பூசின மாதிரி. ஒரு மாசம் இருக்கும். தானா சரியாயிடும்னு பார்த்தேன்."

"சரியாயிடும்னு பார்த்தீங்களா, நான் பார்த்துடுவேன்னு பார்த்தீங்களா?"

அவர் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினார்.

"கிடங்குல எப்படிச் சமாளிக்கிறீங்க?"

அவர் உள்ளங்கையிலிருந்த காய்ப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "இருபது வருஷமா சரக்கு அடுக்குற அதே ராக்கு, அதே சந்து. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்." குரல் இறங்கியது. "வியாழக்கிழமை தூரம் தப்பிடுச்சு. வண்டியோட முன்முள்ளு போய் ராக்குல இடிச்சது. லேபிள் ஒட்டுற பொண்ணு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தா. கை நீட்டினா தொடுற தூரம். அவ சிரிச்சுக்கிட்டே, 'என்னண்ணே, தூக்கமா'ன்னா."

அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். போன மாதம்தான் கடைக்கு வந்து, அரை மணி நேரம் யோசித்து ஊதா நிறச் சட்டம் எடுத்துக்கொண்டு போனவள்.

"நாளைக்கு வண்டியில ஏறாதீங்க."

"ஏறாம? வேற என்ன தெரியும் எனக்கு? கண்ணு போச்சுன்னு சொன்னா அடுத்த நிமிஷம் சாவியை வாங்கிடுவாங்க."

"வாங்கட்டும்."

"நீ சுலபமா சொல்லிட்டே."

"சுலபம் இல்லைங்க. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆகி, அவ வீட்டுல போய்ச் சொல்றதை நினைச்சுப் பார்த்தேன். அதுக்கு இது தேவலை." ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள். "நீங்களே சொன்னா உங்க மரியாதை. இல்லைன்னா நான் வந்து சொல்லுவேன். நீங்க அப்புறம் எத்தனை வருஷம் என்கூடப் பேசலைன்னாலும் சரி."

அன்று முழுக்க அவர் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் சீருடையை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். சாப்பாட்டு டப்பா மேஜையிலேயே இருந்தது.

கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒருவருக்குச் சட்டத்தை மூன்று தடவை வளைத்துக் கொடுத்தும் காதில் நிற்கவில்லை. கிடங்குக்கு ஃபோன் போடலாமா என்று இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் வைத்தாள். பத்தரை மணிக்குக் கதவு திறந்தது. சீருடையோடு அவர் உள்ளே வந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பில் எப்போதும் தொங்கும் சாவி வளையம் இல்லை.

"சொல்லிட்டேன்" என்றார். "சூப்பர்வைசர் எதுவுமே கேட்கலை. கையை மட்டும் நீட்டினார். அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். அவதான் அழுதுட்டா."

அவள் அவர் வலது கண்ணைக் கையால் மூடினாள். "எதிர்ல என்ன தெரியுது?"

"போர்டு இருக்கிறது தெரியுது."

"எழுத்து?"

"எழுத்து இருந்த இடம் தெரியுது."

அவர் இமை உள்ளங்கைக்குள் படபடத்தது. அவள் உடனே கையை எடுக்கவில்லை.

கண் மருத்துவர் நிறையச் சொன்னார், சுருக்கம் இதுதான். கண்ணுக்குள் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம். ஊசி போட்டு, மிச்சம் இருப்பதை மிச்சமாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மாதத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. கிடங்கில் அவருக்குச் சரக்குச் சீட்டு சரிபார்க்கும் மேஜை கிடைத்தது. முதல் வாரம் முழுக்க, சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிக்கொண்டு வந்தார். போட்டி நாள் வந்தது, போயிற்று. சைக்கிள் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. மகள்கூட அதைக் கேலி செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, அவள் வேலையிலிருந்து திரும்பும்போது அவர் முற்றத்தில் இருந்தார். ஒற்றைப் பேலட், அடுக்குகூட இல்லை. வழக்கம்போல அதற்கு வலது பக்கமாக அல்ல, இடது பக்கமாக நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல கண்ணு இருக்கிற பக்கம் தாவிப் பார்க்கிறேன்" என்றார். "ஒண்ணும் வரமாட்டேங்குது. இடது கையால கையெழுத்துப் போடுற மாதிரி இருக்கு."

தாவினார். டயர் விளிம்பில் பட்டு வழுக்கியது. மறுபடியும் தாவினார். இம்முறை டயருக்குப் பதில் பெடல் போய்ப் பலகை விளிம்பைக் கவ்வியது. அப்படியே ஒரு நொடி தொங்கினாற்போல நின்று, இறங்கிவிட்டார்.

"அதுவே போதுமே" என்றாள். "பெடல் படுறது காலுக்குத் தெரியுது இல்ல? அங்கிருந்து இன்னொரு துள்ளு துள்ளினா சக்கரம் மேல வந்துடும். கண்ணு எதுக்கு?"

அவர் அவளையே பார்த்தார். "தூரம் எவ்வளவு இருக்கு இப்ப?"

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பேலட்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விரித்து வைத்தாள். "ஒரு சாண். நகர்த்தலை."

டப். டப்.

அவள் காத்திருந்தாள். இனி அவருக்கு அந்த மூன்றாவது துள்ளலும் வேண்டும் என்று தெரியும்.

டப்.