புத்தகத்து அம்மா

இராசமலர் சிங்களப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவள். அரசாங்க வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் மூன்று வருடத்துக்குள் சிங்களம் பாஸ் பண்ண வேண்டும், பண்ணாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்பது அந்த நாட்களின் சட்டம். அறுபத்தாறாம் ஆண்டு மாசி மாதத்தோடு அவளுக்கு அந்த மூன்று வருடமும் முடிய இருந்தது. மிஞ்சியிருந்தது இன்னும் ஒரே ஒரு தவணை.

வேலை போனால் என்ன, தம்பலகாமத்தில் வயலும் எருமையும் இல்லையா என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். அவளுடைய மாமன்மார் இரண்டு பேரும் அதைத்தான் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார்கள். அந்த மாமன்மாரோடு மல்லுக்கு நின்று, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, திருகோணமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்த்துவிட்டுப் போனவள் அம்மா கனகம்மா. புருசனை இழந்து பதினாறு வருடமாகத் தனியே நின்று பிழைத்த மனுசி. இந்த வேலை போனால் ஊர் முன்னால் தோற்றுப்போகிறவள் அம்மாதான் என்பது இராசமலருக்கு நன்றாகத் தெரியும்.

படிக்காமல் விட்டாள் என்று யாரும் சொல்ல ஏலாது. பரீட்சைக்கென்று விற்ற சொற்பட்டியல் ஒன்றை வாங்கிவைத்து உருப்போட்டாள். சுற்றறிக்கை, இடமாற்றம், ஓய்வூதியம், ஒழுக்காற்று விசாரணை. காலையில் இருபது சொல் பாடமாக்கினால் பின்னேரம் மூன்று மிஞ்சும். அந்த மூன்றும் எதற்கு எது அர்த்தம் என்று தெரியாமல் தலைமாறி நிற்கும். அப்படிப்பட்ட சொற்களை மனிதர் எங்கே வைத்துக் கதைப்பார்கள் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

ஒருமுறை லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் முணுமுணுத்துக்கொண்டு திரிவதைக் கனகம்மா பார்த்தாள். கனகம்மா கிழமைக்கு இரண்டு தரம் தயிர்ச் சட்டிகளோடு கந்தளாய்ச் சந்தைக்குப் போகிறவள். அங்கே வாங்குகிறவர்கள் முக்கால்வாசியும் குடியேற்றத்துச் சிங்களச் சனம். "எனக்கும் கொஞ்சம் வரும், கேளன் பிள்ளை" என்றாள். இராசமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணிக்கையும் காய்கறிப் பேரும் தெரிந்து என்ன செய்ய, சந்தைச் சிங்களம் சோதினைக்கு உதவாது என்று சொல்லிவிட்டாள். கனகம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

எக்ஸ்சேஞ்சில் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் பியசீலி, மாத்தறைப் பெண். அவள்தான் ஒருநாள் அந்தப் பட்டியலைப் பறித்து மேசைக்குக் கீழே போட்டுவிட்டு, அட்டை கழன்ற ஒரு சிங்கள நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினைந்து வயதில் வாசித்ததாம், டிரங்குப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாளாம். யாரோ ஒரு வாத்தியார் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதி அங்கேயே அச்சடித்தது, மாத்தறையைத் தாண்டி ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது.

குமாரி என்று ஒரு பதினான்கு வயதுப் பெட்டையின் கதை. ஆற்றங்கரையில் வீடு, ஒரு தம்பி, ஒரு படகு. முதல் பக்கம் வாசித்து முடிக்க இராசமலருக்கு நான்கு நாள் எடுத்தது. வெள்ளைக்காரக் கப்பற்படை போய் எட்டு வருடமாகி, துறைமுகம் அடங்கிக் கிடந்த காலம் அது. டெலிபோன் போர்டில் ஒரு அழைப்பு விளக்கு எரிந்து அடுத்த விளக்கு எரிவதற்கிடையில் ஒரு பந்தி வாசிக்கலாம். தெரியாத சொல் வந்தால், வெளியூர் அழைப்புகளைக் குறிக்கிற பழைய ட்ரங்க் கோல் துண்டுகளின் வெறும் பக்கத்தில் எழுதி, பியசீலியிடம் அர்த்தம் கேட்டு, றப்பர் வளையம் போட்டு வைப்பாள்.

இந்தச் சொற்கள் தனியே வரவில்லை. ஒவ்வொன்றும் தன்னைச் சொன்ன ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தது. மன்னிப்பு என்றால் தம்பியின் சிலேட்டை உடைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிற குமாரி. ஏக்கம் என்றால் அக்கரைப் பள்ளிக்கூடத்து மணி. பொறாமை என்றால் பக்கத்து வீட்டுக்காரியின் புதுக் குடை. அப்படி வந்த சொல் துரத்தினாலும் போகாது. ஏழாம் அத்தியாயத்தில் குமாரியின் அம்மா மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனாள். மழை, ஆற்றில் வெள்ளம், வைத்தியரைக் கூட்டிவரப் படகு விட ஏலாது. இராசமலர் போர்டுக்கு முன்னால் இருந்து தேம்பித் தேம்பி அழுதாள். கப்பல் கம்பனிக்காரர் ஒருவர் லைனின் அந்தப் பக்கத்தில் ஹலோ ஹலோ என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார்.

எழுத்துப் பரீட்சை தை மாதம் ஒருவாறு ஒப்பேறியது. மாசியில் வாய்மொழிப் பரீட்சை. கேள்வி கேட்க இருந்தவர் குசுமா டீச்சர், பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமை ஆசிரியை. ட்ரங்க் கோல் கேட்டு அடிக்கடி எடுப்பவர், அதனால் குரல் பழக்கமானதுதான். பெயர், ஊர், வேலை எல்லாவற்றுக்கும் இராசமலர் பதில் சொன்னாள். அதன்பிறகு டீச்சர், உன் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார்.

அம்மா என்ன செய்கிறாள் என்று இராசமலருக்குத் தெரியாதா? விடியமுன்னம் எழும்பி எருமைகளைக் கறக்கிறாள், பாலைக் காய்ச்சி ஆறவிட்டு உறை போடுகிறாள், சட்டிகளை வாழையிலையால் மூடிக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள். ஆனால் குமாரியின் ஆற்றங்கரையில் எருமை இல்லை. அந்தப் புத்தகத்தில் ஒருவரும் தயிர் போடவில்லை. இராசமலர் வாயைத் திறந்தாள். எருமைக்குச் சொல் இல்லை, தயிருக்கு இல்லை, உறைக்கு இல்லவே இல்லை. டீச்சர் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். மூன்று வருடமும் அந்தப் பென்சில் முனையில் நிற்பதாகத் தோன்றியது.

எனக்கு அம்மா இல்லை என்று சொன்னாள்.

அதைச் சொன்னதும் மடை திறந்துவிட்டது. காய்ச்சல், மூன்று நாள், மழை, வராத வைத்தியர், நெற்றியில் போட்ட ஈரத்துணி, அம்மா எப்போது எழும்புவா என்று கேட்ட தம்பி. ஒரு சொல் தட்டவில்லை, ஒரு சொல் தடுக்கவில்லை. டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போதும் மகள், போ என்று சொன்னார்.

வெளியே கடற்காற்று முகத்தில் அடித்தபோது அவளுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. இவ்வளவு சிங்களம் தன் வாயில் இருந்ததா என்று தன்னையே மெச்சிக்கொண்டு நடந்தாள். சந்திக்கு வந்த பிறகுதான் கால் நின்றது. உயிரோடு இருக்கிற அம்மாவைச் சாகக் கொடுத்துவிட்டல்லவா வந்திருக்கிறாள்.

அதன்பிறகு குசுமா டீச்சரின் குரல் மாறிவிட்டது. ட்ரங்க் கோல் கேட்க எடுத்தால், இலக்கம் சொல்லுமுன்னம், சாப்பிட்டாயா மகள் என்று கேட்பார். இராசமலர் ஓம் என்பாள். ஒவ்வொரு முறையும் அந்த ஓம் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். உண்மையைச் சொல்லலாம் என்றால் முடிவுக் கடிதம் இன்னும் வரவில்லை. பங்குனியும் அப்படியே போயிற்று.

சித்திரைப் புதுவருசத்துக்கு மறுநாள், அவள் சாப்பாட்டு நேரத்துக்கு வெளி விறாந்தைக்கு வந்தபோது அங்கே குசுமா டீச்சர் நின்றார். கையில் ஒரு தகரப்பெட்டி, உள்ளே கொக்கிஸும் கொண்டைப் பணியாரமும். தாயில்லாப் பிள்ளைக்கு வருசப் பலகாரம் யார் தருவார்கள் என்று நினைத்தேன் என்று சொன்னார். இராசமலர் பெட்டியை வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நிற்க, கனகம்மா படியேறி வந்தாள். ஒரு கையில் தயிர்ச் சட்டி, மறு கையில் சோற்றுப் பொதியும் அரியதரப் பலகாரமும் வைத்த பை.

இவர் யார் என்று டீச்சர் கேட்டார்.

குமாரிக்கு ஒரு மாமி இருந்தாள், தாய் செத்த பிறகு பிள்ளைகளைப் பார்க்க வந்தவள். அவளை எப்படிச் சொல்வது என்று அந்தப் புத்தகம் கற்றுத் தந்திருந்தது. ஒரே சொல்தான். அம்மாவுக்குக் காய்கறிப் பேருக்குமேல் ஒன்றும் விளங்காது, சிரித்துக்கொண்டு நிற்பாள், கடிதம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் அவள் தலைக்குள் ஓடியது. நிலத்தைப் பார்த்தபடி "நெந்தா" என்றாள்.

கந்தளாய்ச் சந்தையில் தயிர் வாங்குகிற சிங்களப் பெட்டைகள் பாதிப்பேர் கனகம்மாவைக் கூப்பிடுவதே நெந்தா என்றுதான். மகளுக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்.

கனகம்மா மகளை ஒருதரம் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்து, தட்டுத் தடங்கல் இல்லாத சிங்களத்தில், ஓம், மாமிதான், என்னை விட்டால் இவளுக்கு யார் என்று சொன்னாள். டீச்சருக்கு அவளைப் பிடித்துவிட்டது. பரீட்சையில் அந்தத் தாய் இறந்த கதையைக் கேட்ட அன்று இரவு தனக்கு நித்திரையே வரவில்லை என்று கனகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கனகம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர்கள் கதைத்த வேகத்தில் இராசமலருக்குப் பாதி விளங்கவில்லை. புறப்படும்போது கனகம்மா தயிர்ச் சட்டியைத் தூக்கி டீச்சரிடம் கொடுத்துவிட்டாள்.

டீச்சர் படியிறங்கிப் போனதும் கனகம்மா விறாந்தை வாங்கில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கோபமே இல்லாத குரலில், "கடுதாசி வரட்டும் பிள்ளை. அதுமட்டும் நான் மாமியா இருந்திட்டுப் போறன்" என்றாள்.

ஏசியிருந்தால் இராசமலர் தாங்கியிருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை. வேலையாவது ஒன்றாவது என்று தெருவுக்கு ஓடினாள். தெருமூலையில் டீச்சரைப் பிடித்துவிட்டாள். மூச்சு வாங்க, அது மாமி இல்லை, அதுதான் என் அம்மா, நான் சொன்னது ஒரு புத்தகத்தில் இருந்த அம்மாவை என்றாள்.

குசுமா டீச்சர் தயிர்ச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

என் அம்மாவைச் சொல்ல எனக்குச் சொல் தெரியவில்லை டீச்சர், அந்த அம்மாவைச் சொல்லத்தான் தெரிந்தது என்றாள் இராசமலர். இந்த வசனம் எந்தப் பக்கத்திலும் இல்லாதது. திக்கித் திக்கி அவளே கூட்டிச் சொன்னது.

"புள்ளி போட்டது மொழிக்கு" என்றார் டீச்சர். அது மாசியிலேயே கொழும்புக்குப் போய்விட்டது, நீ பாஸ் என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் அழுததை இனி யாரிடம் திருப்பிக் கேட்கிறது?" என்று சொல்லிவிட்டு நடந்தார். தயிரை மட்டும் திருப்பித் தரவில்லை.

இராசமலர் திரும்பி வந்தபோது கனகம்மா சோற்றுப் பொதியை அவிழ்த்து வைத்திருந்தாள். என்ன சொல்லிவிட்டு வருகிறாய் என்று அவள் கேட்கவில்லை. மகளின் முகமே சொல்லியிருக்கும்.

"பிள்ளை, நான் எதால செத்தனான்?"

"காய்ச்சல் அம்மா."

"எத்தினை நாள் கிடந்தனான்?"

"மூண்டு நாள்."

"நீ பக்கத்தில இருந்தனியோ?"

"ஓம் அம்மா. தலைமாட்டை விட்டு எழும்பேல்ல."

"அப்ப பரவாயில்லை" என்றாள் கனகம்மா. "கையைக் கழுவிப்போட்டு வந்து சாப்பிடு."