இன்னும் ஒரு சுற்று ஸ்பிரிங்

ஆரணியில் பட்டு நெய்யும் பன்னீர்செல்வத்தின் மனைவி தேவகி, ஒரு மாசி மாதத்தில் தரைக்குள் இறங்கத் தொடங்கினார். முதலில் அரை அங்குலம். சிமென்ட் தரையில் விரிசல் எதுவும் விழவில்லை. ஆற்றுத் தண்ணீர் காலைச் சுற்றி நிற்பதுபோல் தரை அவர் பாதங்களைச் சுற்றி நின்றது, அவர் நகர்ந்ததும் பின்னால் மூடிக்கொண்டது. வலியும் இல்லை. வாசலில் கோலம் போடும்போது முன்போல அவ்வளவு குனிய வேண்டியிருக்கவில்லை என்பதுதான் அவருக்குத் தெரிந்த முதல் வித்தியாசம். அந்த மாதம் பட்டு நூல் விலை ஏறியிருந்ததால் தெருவில் பேச்சு முழுக்க அதைப் பற்றியே இருந்தது. தேவகியின் கால் பற்றிய செய்தி எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் வரை போய்ச் சேரவே சில வாரங்கள் ஆயிற்று.

கணவருக்கு இன்னும் தாமதமாகத்தான் தெரிந்தது. குழித்தறிக்காரர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய தவறு அது. நாள் முழுக்கக் கால்களைக் குழிக்குள் விட்டு, தரை மட்டத்தில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு நடமாடுகிற எல்லோரும் உயரமாகத்தான் தெரிவார்கள். யார் எவ்வளவு உயரம் என்று அவர் பார்ப்பதில்லை. பாதி உடம்பு தரைக்குக் கீழே இருப்பது அவரைப் பொறுத்தவரை ஒரு குறையும் அல்ல. டம்ளரை நீட்டும்போது குனிகிற தேவகி இப்போது குனிவதில்லை என்பது பன்னீர்செல்வத்துக்கு உறைத்தபோது கணுக்கால் மறைந்து கெண்டைக்காலில் பாதி போயிருந்தது.

டாக்டர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தெருவில் நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். நட்ட கம்பத்தைத் தூக்குவதுபோல் இருந்தது என்று விட்டுவிட்டார்கள். பஸ் படி, ஆட்டோ, கட்டில் என்று ஒவ்வொன்றாக அவருக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. சமதரையில் நடக்கலாம், அதுவும் நாற்றங்காலில் நடப்பதுபோல. பால்கடைக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கியது.

இறக்கத்துக்குக் காரணம் யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருந்தது. பன்னீர்செல்வத்தின் ஒரே மகள் சிவசங்கரி செய்யாற்றுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்தவனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நானாகக் கூப்பிடுகிற வரைக்கும் இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று தெருவே கேட்கும்படி அவர் சொன்னார். சரி என்று அவளும் போனாள். ஆண்டுகள் போயின. அவர் கூப்பிடவில்லை, அவள் மிதிக்கவில்லை. அம்மாவோடு மட்டும் தினமும் போனில் பேசினாள். விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டு, "அவரு வாயால ஒரு தடவ கூப்பிடட்டும்மா, அந்த நிமிஷமே பஸ் ஏறிடறேன்" என்றாள். தேவகி அதை அப்படியே கணவரிடம் சொன்னார். பன்னீர்செல்வம் தறியில் ஓடும் நாடாவில் நூல்குச்சியை மாற்றிக்கொண்டிருந்தார். மாற்றி முடித்ததும் நெய்யத் தொடங்கிவிட்டார்.

முழங்கால் வரை போன பிறகு தேவகி வேறு மாதிரி பேசினார். "அவ வர வேணாம். நான் போறேன். தல வெளிய இருக்கசொல்லோ அவ மூஞ்சிய ஒரு தபா பாத்துடணும்." இதற்குப் பன்னீர்செல்வம் உடனே ஒத்துக்கொண்டார். பேசத் தேவையில்லாத எதையும் செய்ய அவர் தயாராக இருந்தார்.

அவரிடம் எண்பதாம் வருடத்துப் பத்மினி கார் ஒன்று இருந்தது. அந்தத் தெருவுக்கு வந்த முதல் கார். இன்ஜின் பிடித்துப்போய்ப் பல வருடங்களாகக் கொட்டகையில் படுதா போர்த்திக் கிடந்தது. அதை அரிசி மில்லுக்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் திருமலையிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனார். இன்ஜினை மாற்ற வேண்டும், தேவகி படி ஏறாமல் நடந்தபடியே உள்ளே உட்காரும் அளவுக்கு வண்டியைத் தாழ்த்த வேண்டும், இரண்டும் சிக்கனமாக முடிய வேண்டும் என்றார். திருமலை வண்டியைப் பார்க்காமல் அவரையே பார்த்தான்.

"ஒரு போன் போட்டா முடியற வேலண்ணே. அதுக்குப் போயி இன்ஜின எறக்கி, ஸ்பிரிங்க அறுத்து... இன்னா பேஜாருண்ணே இது?"

"நீ காரப் பத்திப் பேசு" என்றார் பன்னீர்செல்வம்.

வேலூர் காயலான் கடையில் ஒரு பழைய பால் வேனின் இன்ஜின் மலிவாகக் கிடைத்தது. திருமலை இரும்புப் பட்டைகளை வெல்டு வைத்து அதற்குத் தாங்கிகள் செய்தான். கியர் பெட்டியையும் வேனுடையதையே போட்டுவிடலாம், இரண்டும் ஒன்றோடொன்று பழகியவை என்று அவன் சொன்னதற்குப் பன்னீர்செல்வம் சம்மதிக்கவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலை யாரும் முழுசாக அறுத்து எறிவதில்லை. நுனியை விட்டுவைத்து, அதில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்தால்தான் அச்சுக்குள் நூல் போகும். காருக்கும் அதுதான் முறை என்றார். அதனால் லேத்துப் பட்டறையில் ஒரு தகடு கடைந்து, வேன் இன்ஜினைப் பத்மினியின் பழைய கியர் பெட்டியோடு பிணைத்தார்கள். வண்டி ஓடியது. பின்னால் போகிற கியர் மட்டும் விழவில்லை. பெட்டியே தேய்ந்துவிட்டது, இப்போதுகூட மாற்றிவிடலாம் என்று திருமலை சொன்னான். நெய்த துணி பின்னால் போவதில்லை என்று சொல்லிவிட்டார் பன்னீர்செல்வம்.

தாழ்த்துவதுதான் முடியாத வேலையாக இருந்தது. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று அறுத்துக் கொண்டுவந்து நிறுத்தினால், அதற்குள் தேவகி நாலு விரல் இறங்கியிருப்பார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டைக் கழற்றினார்கள். அவர் தொடை வரை போயிருந்தார். சின்னச் சக்கரம் மாட்டினார்கள். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை கொடுத்தார்கள். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று திருமலை அறுத்துக்கொண்டே போனான். ஒவ்வொரு தடவையும் கார் வாசலில் வந்து நிற்க, தேவகி நெருங்கி நின்று சீட்டை இடுப்போடு அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அபிதகுசாம்பாள் எதிரில் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, "இரும்ப அறுக்கத் தெரியுது, வாயத் தொறக்கத் தெரியல" என்று கீரையிடம் சொல்வதுபோலச் சொன்னார். பன்னீர்செல்வத்துக்குக் கேட்டது.

கடைசியில் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை சீட்டும் இடுப்பும் ஒரே மட்டத்துக்கு வந்தன. தேவகி மயில் கழுத்து நிறப் புடவை கட்டியிருந்தார், கொசுவத்தில் பாதி தரைக்குள் இருந்தது. நடந்து வந்து, திரும்பி, உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் இறங்குவது நின்றது. அதற்குப் பதிலாகக் கார் இறங்கியது. சக்கரங்கள் தாருக்குள் நாலு விரல் புதைந்து, அப்படியே ஓடின. பின்னால் தடம் எதுவும் இல்லை. சாலை சக்கரங்களுக்கு மட்டும் வழிவிட்டது, மற்றதற்கெல்லாம் சாலையாகவே இருந்தது. கமண்டல நாகநதிப் பாலத்தைத் தாண்டியதும் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்து முந்திப் போயின. ஜன்னலோரப் பெண்கள் காருக்குள் உச்சந்தலைகளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் தேவகி, "போயாவது பேசுவீங்களா?" என்று கேட்டார்.

"ஒன்னக் கொண்டாந்து விடறேன். அவ்ளோதான் என் வேல."

மகள் வீட்டுத் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருந்தது. ஷிப்ட் பஸ்கள் வேகமாகத் திரும்புகின்றன என்று குடியிருப்பவர்களே காசு போட்டு, தேவைக்கு மேல் உயரமாக எழுப்பியது. ஆரணியிலிருந்து தேவகியின் உயரத்தை மட்டுமே அளந்து வந்த பன்னீர்செல்வத்துக்கு இதை நினைக்கத் தோன்றியிருக்கவில்லை. வண்டியின் அடிவயிறு மேட்டில் உட்கார்ந்தது. முன்னால் போகவில்லை. பின்னால் போக கியர் இல்லை. கதவுகளின் கீழ்விளிம்பு மேட்டில் முட்டியதால் திறக்கவும் இல்லை.

சிவசங்கரி நாலாவது வீட்டிலிருந்து ஓடி வந்து தார் ரோட்டில் மண்டியிட்டு, ஜன்னல் வழியாக அம்மாவின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருக்கிறாய் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். தெரு ஆட்கள் வந்து தேவகியை ஜன்னல் வழியே இழுத்துப் பார்த்தார்கள். கம்பத்தை இழுப்பதுபோல்தான் இருந்தது. பன்னீர்செல்வம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சாலை மற்றதற்கும் வழிவிடத் தொடங்கியது. கார் மெல்ல, நிதானமாக இறங்கியது.

"அப்பா" என்றாள் சிவசங்கரி. "ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நின்னுடும்."

அதைத் தெருவில் எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. வாயைத் திறந்தார். இத்தனை வருடம் அடக்கிவைத்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்போல் முகம் போயிற்று. பிறகு கை தானாகப் போய் ஹாரனை அழுத்தியது. தார் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. தேவகி மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "கண்ணாடிய ஏத்திடறேன் கண்ணு, உள்ள வந்துடும்" என்று சொல்லிக் கைப்பிடியைச் சுற்றினார். கூரை போயிற்று. தார் மூடிக்கொண்டது. வேன் இன்ஜின் மட்டும் நிற்கவில்லை; சுற்றி நின்றவர்களின் பாதங்களுக்கு அடியில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

நகராட்சியிலிருந்து வந்து பார்த்தார்கள். சாலையில் சேதம் இல்லாததால் தோண்ட விதி இல்லை என்றார்கள். சிவசங்கரி அந்த இடத்தில் வாகனம் எதையும் நிறுத்தவிடவில்லை. வேலை விட்டு வந்ததும் அங்கேயே உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைத் தரையைப் பார்த்துச் சொல்வாள். அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், தண்ணீர் லாரி போன பிறகு, கீழேயிருந்து குரல் வந்தது. கரகரத்த, பழக்கமில்லாத வார்த்தையை உச்சரிப்பதுபோன்ற குரல்.

"சிவா. வீட்டுக்கு வாம்மா."

அவள் அன்று தூங்கவில்லை. மறுநாள் ஷிப்டுக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஆரணி பஸ் ஏறினாள். எதிர்வீட்டிலிருந்து சாவி வாங்கி, வாசற்படியை மிதித்து உள்ளே போனாள். தறியில் பாதி நெய்த புடவை தூசி படிந்து கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. பெருக்கினாள், விளக்கேற்றினாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், பூட்டிக்கொண்டு செய்யாற்றுக்குத் திரும்பினாள். வந்துவிட்டேன் அப்பா என்று தார்மேல் குனிந்து சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் கீழே கேட்கிறதோ என்னவோ, மறுநாள் சாயங்காலமும் அவர் கூப்பிட்டார். இப்போது தினமும் கூப்பிடுகிறார். அவள் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போய்வருகிறாள்.

போன வாரம் சாவியைக் கொடுக்கும்போது அபிதகுசாம்பாள், ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கம்மா பஸ்ஸுக்குச் செலவு பண்ணிக்கொண்டு வருகிறாய் என்று கேட்டார். சிவசங்கரி செருப்பை வாசலில் விட்டபடி, "அவரு கூப்பிட்டுகினு இருக்காரே அத்த" என்றாள். தண்ணீர் வருகிற நேரம் மாறிவிட்டது, இப்போது காலையில்தான் விடுகிறார்கள், இரண்டு குடம் பிடித்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போ என்றார் அபிதகுசாம்பாள்.