இயற்கையான இழப்பு

சீருடை பக்கெட்டுத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. மதிய ஷிப்டுக்குக் கிளம்ப வந்த மருமகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கறையா இருந்துச்சு, ஊறவச்சேன்," என்றாள் மாமியார், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

கறையாவது ஒன்றாவது. நாத்தனாரைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மதியம் வருகிறார்கள். மருமகள் நர்ஸ் வேலையை விட்டுவிட்டாள் என்று அவர்களிடம் எப்போதோ சொல்லியாயிற்று. ஊரார் உடம்பைத் தொட்டுத் துடைக்கிற கை சமைக்கும் வீட்டில் யார் சம்பந்தம் வைப்பார்கள் என்பது மாமியாரின் கவலை. கணவனைக் கேட்டால், அவன் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, இன்று ஒரு நாள் லீவு போடேன் என்றான். ஒரு நாள் லீவில் தொடங்கித்தான் அவளுடைய வார்டில் தோழிகள் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போனார்கள்.

அடுத்தவள் வந்து பொறுப்பேற்காமல் முந்தைய ஷிப்ட்காரி நகரக் கூடாது என்பது வார்டின் வழக்கம். நேற்றிரவு வந்தவள், காலையில் மாற்று ஆள் இல்லாமல், இன்னும் அங்கேதான் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தாள்.

மருமகள் சீருடையைப் பிழிந்து உதறி, கூடத்து மேசையில் விரித்து இஸ்திரி போட்டாள். ஆவி பறந்தது. மேசையின் மறுமுனையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். சுகாதாரத் துறையில் பெரிய அதிகாரி. வரும் ஆண்டுகளுக்கு எத்தனை நர்ஸ் வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் அவர் வேலை. ஆள் பஞ்சத்தைப் பற்றி மேடையில் பேச ஆரம்பித்தாரென்றால் கேட்பவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீட்டில்தான் வாய் திறக்கவில்லை.

"மாமா, வருஷா வருஷம் இத்தனை பேர் படிச்சு வெளிய வர்றாங்களே, அவங்கல்லாம் எங்கதான் போறாங்க?"

அவருக்குப் பிடித்த விஷயம். பேனாவை மூடினார். "கல்யாணமானதும் பாதிப் பேர் நின்னுடுறாங்கம்மா. அதை இயற்கையான இழப்புன்னு முதல்லயே கழிச்சுட்டுத்தான் கணக்கு போடுவோம்."

"அப்ப நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கே என்னையும் கழிச்சுட்டீங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஈரம் காயாத சீருடை முதுகில் ஒட்டியது. பின்வாசல் வழியாகவாவது போ என்று மாமியார் கெஞ்சிப் பார்த்தாள். மருமகள் முன்வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள். மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க யாரும்மா?"

"இந்த வீட்டு மருமக. டியூட்டிக்குப் போறேங்க."

அந்த அம்மாள் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள். படுத்த படுக்கையாகிவிட்ட தன் கணவரை வீட்டோடு வந்து பார்த்துக்கொள்ள ஒரு நர்சைத் தேடித் தேடி அலுத்துப் போனதாகச் சொன்னாள். "உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல பொண்ணுங்க யாராவது இருக்காங்களா?"

"நிறைய பேர் இருந்தாங்க," என்றாள் அவள். "எல்லாரையும் கட்டிக் கொடுத்துட்டாங்க."