இடது கன்னத்து மச்சம்

"மூணு தலை நாய்க்கு ரெண்டு தலையை அழிச்சா ஆட்டுக்கிடை நாய் ஆயிடும். இது ஒரு வேலையா மாப்ள?" என்றான் யோரிஸ்.

"நாய் சரி. அவள?"

"அவளையும்தான். தாவீது ராஜா யாழ் வாசிக்கிறப்ப பின்னாடி பொண்ணு எதுக்கு?"

யோரிஸ் என் மனைவி லைஸ்பெத்தின் அண்ணன். ஆண்ட்வெர்ப்பில் படம் அச்சிட்டு விற்கிறவன். நான் அவனுக்குச் செப்புத் தகட்டில் படம் வெட்டுகிறவன். ஸ்பானியர்கள் ஊரைத் திரும்பப் பிடித்த பிறகு கிரேக்கக் கதைப் படங்களைச் சீந்த ஆளில்லை, வேதாகமப் படங்கள்தான் விலைபோயின. அதனால் என் ஆர்ஃபியஸைத் தாவீதாக மாற்றச் சொன்னான். சந்தைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

செத்த மனைவியைப் பாதாளத்திலிருந்து அழைத்து வரும்போது, கூடாது என்று சொல்லியும் திரும்பிப் பார்த்து அவளை இழந்த யாழ்க்காரன் ஆர்ஃபியஸ். பாதாள வாசலைக் காப்பது அந்த மூன்று தலை நாய். அவன் பின்னால் நடந்துவரும் மனைவிக்கு லைஸ்பெத்தின் முகத்தை வெட்டியிருந்தேன். முற்றுகைக் காலத்தில் லைஸ்பெத் காய்ச்சலில் போய்விட்டாள்.

அச்சான தாள்கள்தான் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றனவே, ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள் என்றான் யோரிஸ்.

அச்சில் திரும்பி விழும் என்பதால் தகட்டில் எதையும் இடம் வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். இந்தத் தகட்டை வெட்டிய நாட்களில் யாழை அப்படி மாற்றினேன், நாயை மாற்றினேன். லைஸ்பெத் மட்டும் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே வெட்டிவிட்டேன். தாளில் மச்சம் வலது கன்னத்துக்குப் போயிற்று, சிரிப்பின் கோணலும் திசை மாறியது. தாளில் இருப்பவள் வேறு யாரோ. செம்பில்தான் அவள் இருக்கிறாள்.

இதைச் சொன்னபோது யோரிஸ் தகட்டைக் குனிந்து பார்த்தான்.

"மச்சமா? அவளுக்கு மச்சம் இருந்துச்சா?"

பிறகு சுரண்டியை என் கையில் கொடுத்தான். வேறு யார் அழித்தாலும் கீறல் தெரியுமாம்.

நாயின் இரண்டு தலைகளையும் வழித்தெடுத்து, செம்பைத் தேய்த்து மழுக்க மதியம் ஆகிவிட்டது. அடுத்தது அவள். யோரிஸ் எனக்கு முதுகைக் காட்டி அச்சு உருளைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"தாவீதுக்கும் பொண்டாட்டிங்க இருந்தாங்கதானே, மச்சான்? அதுல ஒருத்தியா இவ இருந்துட்டுப் போகட்டுமே."