ரயிலடிக்கு வந்த மேய்ச்சல் காடு

குண்டடத்துக்குத் தெற்கே இருந்த மயிலாத்தாளின் மேய்ச்சல் காடு, 1966ஆம் வருஷம் தை மாதத்து வியாழக்கிழமையொன்றில் திருப்பூர் ரயிலடிக்கு வந்து சேர்ந்தது. கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் கிணறும் கூடவே வந்தன. கிணற்றுத் தண்ணீர் தளும்பக்கூட இல்லை. பல்லடம் கடைவீதியில் பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. காடு கிளம்பிய இடத்தில் பக்கத்துக் காடுகள் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொண்டன.

காரணம் இதுதான். முந்தின மழைக்காலத்தில் மயிலாத்தாளின் காங்கேயத்துப் பசு, வயிற்றில் கன்று திரும்பிக்கொண்டதால் ஈன முடியாமல் செத்துப்போனது. மாட்டு டாக்டரைக் கூட்டிவரத் தாராபுரம் போன ஆள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கால்நடை மருத்துவர்களின் மாநில மாநாட்டுக்குத் திருப்பூர்ப் பக்கம் இடம் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவள் நேரே போய்த் தன் காட்டைத் தருவதாகச் சொன்னாள். அத்தனை டாக்டர்கள் வந்தால் ஒருத்தருக்காவது ஊர் பிடித்துப் போகாதா என்பது அவள் கணக்கு.

இடம் பார்க்கும் குழுவின் தலைவர் செங்கோட்டையன் ஜீப்பில் வந்து நிழலைப் பார்த்தார், தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்.

"எடம் அருமைங்கம்மா. ஆனா ரயிலடிக்கு ரொம்பத் தூரமுங்க. அத்தன பேரும் பொட்டி படுக்கையோட எப்படி வருவாங்க?"

ஜீப் போனபின் மயிலாத்தாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கோபம் வந்து காட்டைத் திட்டினாள். "கேட்டயா? நீ ரொம்பத் தூரமா இருக்கறயாமா!"

மறுநாள் காலை மாட்டை அவிழ்த்துவிட அவள் காட்டுக்குள் வந்தபோது தரை லேசாக அசைந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ரயிலடியில் டீ குடித்துக்கொண்டிருந்த செங்கோட்டையன் வேலியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "இப்பப் பக்கந்தானுங்க" என்று அந்த இடத்தையே முடிவு செய்தார். சைக்கிள் ஸ்டாண்டை மறைக்கக் கூடாது என்று மட்டும் நகராட்சி சொன்னது. காடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

பந்தல் போட்டார்கள். டாக்டர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். மயிலாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் முதல்நாள் கூட்டம் முடிந்து எல்லோரும் சினிமாவுக்குப் போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த இளம் டாக்டர் குமாரவேலிடம் சொன்னாள்: "இங்க வந்து என்னுங்க பிரயோசனம்? எங்கூரு மாடெல்லாம் அங்கல்ல இருக்குது!"

குமாரவேல் திருப்பூர் நெசவுக் குடும்பத்துப் பையன். அண்ணன்மார் வீரபாண்டியில் வைத்திருந்த பனியன் கம்பெனிக்கே வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். செத்த பசுவின் கதையை அவளிடம் முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப்பின், கோமாரி நோய் பற்றி மாநாட்டுத் தலைவர் பேசிக்கொண்டிருக்கையில், காடு திரும்பக் கிளம்பியது. பலர் அதைச் சாப்பாட்டு மயக்கமென்று நினைத்தார்கள். நன்றியுரை வருவதற்குள் குண்டடம் வந்துவிட்டது. பக்கத்துக் காடுகள் விலகி இடம் கொடுத்தன. டாக்டர்களோடு காடு வருகிற சேதி முந்திக்கொண்டு வந்திருந்தது; வேலியைச் சுற்றிலும் ஊர் ஊராக மாடுகளோடு ஆட்கள் நின்றார்கள்.

செங்கோட்டையன் எட்டிப் பார்த்தார். "தீர்மானமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று சட்டைக் கையை மடித்தார். பொழுது சாயும்வரை அத்தனை டாக்டர்களும் வைத்தியம் பார்த்தார்கள். செல்லாத்தாள் என்பவளின் பசுவுக்குள் குமாரவேல் தோள்வரை கைவிட்டு, திரும்பிக் கிடந்த கன்றைச் சரிசெய்து வெளியே எடுத்தான். கன்று தள்ளாடி எழுந்து நின்றது. மயிலாத்தாள் அவன் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். கண்ணைத் துடைக்க மறந்துபோனாள்.

மற்றவர்கள் பஸ்ஸிலும் லாரியிலும் ஊர் திரும்பினார்கள். குமாரவேல் மட்டும், "அடுத்த மாடு எப்பங்க ஈனும்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே இருந்துவிட்டான். வருஷம் திரும்புவதற்குள் காட்டிலேயே ஓட்டுக்கட்டிடத்தில் ஆஸ்பத்திரி வந்தது.

அதன்பிறகு மாநாடு எந்த ஊரில் நடந்தாலும் குமாரவேல் ரயிலுக்கு அலைவதில்லை. வெள்வேல மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான். "இந்த வருசம் எந்தூருங்க?" என்பாள் மயிலாத்தாள். "மதுரைங்கம்மா" என்பான். வைத்தியத்துக்கு மாடு ஓட்டிவருகிறவர்கள், பக்கத்துக் காட்டு மரத்தில் மாட்டிய பலகையைப் படித்துவிட்டு, வெற்றிலை போட்டபடி நிழலில் காத்திருப்பார்கள். அதில் எழுதியிருக்கும்: 'காடு வெளியூர் போயிருக்கிறது. பால் கறக்கும் நேரத்துக்கு வந்துவிடும்.'